ஐந்து மதிப்பெண்ணுக்குக் கீழே பதினொருவர்

ஓர் இணையதளத்தை நோக்கிப் பிற தளங்கள் தரும் இணைப்புகளை எண்ணி, அவற்றின் தரத்தை அளந்து, ஒன்று முதல் நூறு வரையிலான ஓர் எண்ணால் அத்தளத்தின் நிலையைக் குறிப்பது செல்வாக்கு மதிப்பெண் எனப்படும். இவ்வரையறையை நான் என் ஐம்பத்தெட்டாம் வயதில் மனப்பாடம் செய்தேன். பல் துலக்கும்போது ஒருமுறை சொல்வேன். பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒருமுறை சொல்வேன். பன்னிரண்டு வாரப் படிப்பு அது. வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகப் படித்து, இறுதித் தேர்வில் நூற்றுக்கு எண்பத்தொன்று பெற்றேன். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் என்பதால், அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். அதற்கு இடம் செய்வதற்காக எங்கள் திருமணப் படத்தை அரை அடி நகர்த்த வேண்டியிருந்தது.

"கல்யாணத்தையே நகத்தி வச்சுட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கல்யாணம் யாருக்கு வேணா ஆகும். இது படிச்சு வாங்கினது."

அதன் பின் இரண்டு நாட்கள் அவள் என்னோடு மிகவும் அளந்து பேசினாள்.

எண்களை நம்புவது என் தொழில் எனக்குத் தந்த நோய். முப்பத்தோர் ஆண்டுகள் லாரி எடைமேடையில் பணிபுரிந்தேன். லாரி ஏறும், பலகையில் எண் தோன்றும், நான் சீட்டு எழுதுவேன். ஓட்டுநர் கெஞ்சினாலும் கத்தினாலும் எண் மாறாது. ஓய்வுபெற்ற பின்னர் எடைபோட எதுவுமின்றித் தவித்த எனக்கு, உலகிலுள்ள தளங்களுக்கெல்லாம் எடை உண்டு என்ற செய்தி எத்தகைய ஆறுதலை அளித்திருக்கும் என்பதை வாசகர் உணர்வர். முதல் பாடத்திலேயே, "இம்மதிப்பெண் சில தனியார் கருவிகள் கணிக்கும் உத்தேச அளவே, தேடுபொறிகள் இதைப் பயன்படுத்துவதில்லை" என்றொரு வரி இருந்தது. அவ்வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். அடிக்கோடிட்டதோடு என் கடமை முடிந்தது எனக் கருதிவிட்டேன்.

இனி என் தங்கையைப் பற்றிக் கூற வேண்டும். அவள் சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்ப்பவள். பெரிய மருத்துவ உபகரணக் கம்பெனி ஒன்றில் பதினாறு ஆண்டுகள் இருந்தாள். பழையதைச் சரிசெய்து தருவதைவிடப் புதியதை விற்பதே அங்கே கொள்கை. ஒருநாள் நல்ல நிலையிலிருந்த நாற்காலியைக் குப்பை வண்டியில் ஏற்றச் சொன்னார்கள். அவள் வேலையை விட்டுவிட்டு அதே வண்டியிலிருந்து நாற்காலியை இறக்கிக்கொண்டு வந்தாள். டயர்க் கடைகள் நிறைந்த தெருவின் கோடியில் தகரக் கூரையிட்ட பட்டறை. உடன் ஒரு வெல்டர். நாற்பத்தைந்து வயது, கைகளில் தீப்பொறித் தழும்பு, வாயிலும் ஏறக்குறைய அதுவே.

பட்டறைக்கு வாரத்துக்கு எட்டு நாற்காலிகள் வந்துகொண்டிருந்தன. பத்து வந்தால்தான் இருவருக்கும் முழு வேலை. கம்பெனி மேலாளர் அவளுடைய பழைய மேசையை வேறு எவருக்கும் தராமல் வைத்திருந்தார். ஆண்டின் கடைசி வேலைநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது பேச்சு. அதற்கு மூன்று மாதங்கள் இருந்தன.

"பத்து வந்தா இருக்கேன். வரலேன்னா போயிடறேன். யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்" என்றாள் தங்கை.

"உன் வெப்சைட்டோட ஸ்கோர் ஏழு. கம்பெனியோடது ஐம்பத்திநாலு. நோய் என்னன்னு தெரிஞ்சுபோச்சு. மருந்து எங்கிட்ட இருக்கு" என்றேன்.

வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார். "சார், இந்த ஸ்கோர யாரு போடறாங்க?"

"கருவி போடும். நம்ம வெப்சைட்டுக்கு யார் யார் லிங்க் கொடுக்கறாங்கன்னு பாக்கும். லிங்க்னா என்ன? ஒரு தளம் இன்னொரு தளத்தை நல்லதுன்னு சொல்ற சிபாரிசு. பெரிய ஆள் சிபாரிசு பண்ணா எடை ஜாஸ்தி. சின்ன ஆள் பண்ணா கம்மி."

"அப்ப எங்க மாமியார் சிபாரிசுக்கு எத்தனை மார்க்கு வரும்? தெருவுல பாதிப் பேரு அவங்க சொன்னாத்தான் டாக்டர்கிட்டயே போவாங்க."

"அவங்களுக்கு வெப்சைட் இருக்கா?"

"கைபேசியே கிடையாது."

"அப்ப பூஜ்யம்" என்றேன். அக்கணத்தில் நான் எய்திய மனநிறைவை இப்போது எண்ணினால் காது சுடுகிறது.

பணியைத் தொடங்கினேன். எவர் வேண்டுமானாலும் தம் தொழிலைப் பதிந்துகொள்ளக்கூடிய பட்டியல் தளங்கள் உலகில் எண்ணற்றவை உள்ளன. நாளொன்றுக்குப் பதினைந்து வீதம் பதிந்தேன். மீன் தொட்டி விற்கும் தளத்தோடும், திரைச்சீலைத் தளத்தோடும், எக்காலத்திலும் எவரும் திறந்து பார்த்திராத கவிதைத் தளத்தோடும் இணைப்புப் பரிமாற்றம் செய்துகொண்டேன். ஐந்தாம் வாரத்தில் மதிப்பெண் பதினேழு. ஏழாம் வாரத்தில் இருபத்திரண்டு. வரைபடத்தை அச்சிட்டுப் பட்டறைச் சுவரில், சுத்தியல்கள் தொங்கும் ஆணிகளில் ஒன்றில் மாட்டினேன். சுத்தியல் தரைக்குப் போயிற்று.

படிப்பின் குறிப்பேட்டை மீண்டும் புரட்டினேன். ஒன்பதாம் பாடத்தின் தலைப்பு தரமற்ற இணைப்புகளைக் களைதல். விலைக்கு வாங்கியவற்றையும் இயந்திரங்கள் பெருக்கியவற்றையும் களைய வேண்டும் என்பதே அதன் சாரம். அதாவது, நான் ஏழு வாரங்களாகச் சேர்த்தவற்றுள் பெரும்பகுதியை. ஆனால் தரம் எனில் எனக்கு எண். எடைமேடையில் வளர்ந்த அறிவு வேறு எப்படி இயங்கும்? தங்கையின் தளத்துக்கு வரும் இணைப்புகள் அனைத்தையும் மதிப்பெண் வரிசையில் அடுக்கினேன். மீன் தொட்டித் தளம் முப்பத்தொன்று பெற்று மேலே அமர்ந்திருந்தது. அடியில், ஐந்துக்கும் கீழே, பதினோரு தளங்கள் கிடந்தன. எளிய வெள்ளைப் பக்கங்கள், மங்கிய புகைப்படங்கள், ஒன்றில் எழுத்துகள் ஊதா நிறத்தில் இருந்தன. எவர் நடத்துகிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்த பிறகு ஆளைப் பார்ப்பது எடைமேடையில் வழக்கமில்லை.

பதினோரு பேருக்கும் கடிதம் எழுதினேன். மூன்று முறை திருத்தி எழுதினேன். ஏழு பேர் இரண்டே நாட்களில் இணைப்பை நீக்கிவிட்டனர், நால்வர் வாரத்துக்குள். எவரும் வாதாடவில்லை. என் உரைநடையின் வலிமை என்று அதைப் புரிந்துகொண்டேன்.

அவ்வாரம் மதிப்பெண் இருபத்தாறு. பட்டறைக்கு வந்த நாற்காலிகள் ஆறு. அடுத்த வாரம் இருபத்தெட்டு, நாற்காலிகள் மூன்று.

"குளிர்காலம். யாரும் வெளிய வரமாட்டாங்க" என்றாள் தங்கை. வெல்டர் தம் கருவிப்பெட்டியை முழுவதும் துடைத்து, மீண்டும் அதையே துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் நான் புதிய வரைபடத்தை மனைவியிடம் காட்டினேன்.

"மேல போகுது" என்றாள் அவள்.

"ஆமா!"

"போன் எத்தனை வந்துச்சு?"

"அது வேற விஷயம். இதுல பலன் தெரியக் கொஞ்சம் காலம் ஆகும்."

"உங்க தங்கச்சி நேத்து என்கிட்ட கம்பெனிக்குப் போட்டுட்டுப் போற பழைய சட்டையெல்லாம் இன்னும் பத்துமான்னு கேட்டா" என்றாள். வரைபடத்தைத் திருப்பித் தந்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். நான் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

டிசம்பரின் இரண்டாம் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், பட்டறை வாசலில் ஒரு வாடகை வண்டி நின்றது. ஓட்டுநரும் வெல்டருமாகச் சேர்ந்து ஒரு காய்கறிக் கடைக்காரரையும் அவருடைய நாற்காலியையும் தனித்தனியே இறக்கினர். முழங்காலுக்குக் கீழே ஒரு காலில்லாத, தோள் பருத்த மனிதர். நாற்காலியின் முன்சக்கரம் ஒன்று கழன்று அவர் மடியில் இருந்தது.

"அஞ்சு நாளா கடை சாத்தியிருக்கு" என்றார் உள்ளே வந்ததும். "தக்காளி எல்லாம் போச்சு. என்னம்மா நீங்க, இருக்கீங்களா மூடிட்டீங்களான்னே தெரியலயே!"

"இங்கயேதானே இருக்கேன்" என்றாள் தங்கை, ஏற்கெனவே சக்கரத்தின் அச்சைப் பார்த்தபடி. "போன் பண்ணியிருக்கலாமே."

"நம்பர் எங்க இருக்கு? எப்பவும் நூலகர் அம்மா பக்கத்துலதான் பாப்பேன். அதுல காணோம். அந்தம்மாவுக்கே போன் போட்டேன். அவங்களே எடுக்கச் சொல்லிட்டாங்கன்னு சொன்னாங்க."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"நீங்கதான். லெட்டர் போட்டீங்களாமே. எனக்கே அனுப்பினாங்க, இருங்க." அவர் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சந்தையில் விலை கூவும் குரலில் படித்தார். "பெருமதிப்பிற்குரிய தள நிர்வாகி அவர்களுக்கு. தங்கள் தளம் எங்கள் தளத்துக்கு இணைப்பொன்று அளித்துள்ளமை எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. தங்கள் தளத்தின் செல்வாக்கு மதிப்பெண் நான்கு மட்டுமே என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறோம். இத்தகைய தொடர்பு எங்கள் நற்பெயருக்குக் குந்தகம் விளைவிக்குமாதலால், மேற்படி இணைப்பை ஏழு நாட்களுக்குள் நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

படித்து முடித்துவிட்டு அவர் அனைவரையும் பார்த்தார். "குந்தகம்னா என்னங்க?"

வெல்டர் என்னைப் பார்த்தார். தங்கை என்னைப் பார்க்கவில்லை. அதுவே மோசமாக இருந்தது. சுவரில் என் வரைபடம் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"எத்தனை பேருக்குண்ணா எழுதின?" என்று கேட்டாள், குறடைக் கீழே வைக்காமலே.

"பதினொன்னு."

"பேரு சொல்லு."

தளங்களின் பெயர்களைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் ஓர் ஆளைச் சொன்னாள். ஊதா எழுத்துப் பக்கம் ஒரு சிறுமியின் தந்தையுடையது. மகளுக்கு அந்த நிறம்தான் பிடிக்கும். இன்னொன்று இயன்முறை மருத்துவர் ஒருவர் தம் நோயாளிகளுக்காக வைத்திருப்பது. மற்றொன்று முதுகெலும்பில் அடிபட்டவர்கள் பத்துப் பேர் சேர்ந்து நடத்துவது. நூலகர் அம்மா நடத்துவது 'நாங்கள் போய்ப் பார்த்த இடங்கள்' என்ற பட்டியல். அவர்கள் அனைவரும் ஏதாவதொரு நாளில் அந்தப் பட்டறையில் அமர்ந்து நாற்காலி சரியாகும்வரை காத்திருந்தவர்கள். எட்டு நாற்காலிகளும் வந்தது தேடுபொறி வழியாக அல்ல, அவர்கள் வழியாகவே.

"நாலு மார்க்கு" என்றார் வெல்டர் மெதுவாக. "எங்க மாமியாரைவிட நாலு ஜாஸ்தி."

காய்கறிக் கடைக்காரருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "ஓ, எழுதினது நீங்கதானா? நல்ல எழுத்து சார். எங்க வீட்டுல ரெண்டு தடவ படிக்கச் சொன்னாங்க."

அவர் போன பின் நான் கூறினேன்: "மன்னிப்புக் கடிதம் ஒன்று தயாரிக்கிறேன். இன்னைக்கே அனுப்பிடறேன்."

"அண்ணா, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். லெட்டர் மட்டும் எழுதாத" என்றாள் தங்கை. "போன் பண்ணு. உன் வாயால சொல்லு."

பதினேழு நாட்களே எஞ்சியிருந்தன.

நூலகர் அம்மாவின் குரல் புத்தக அலமாரிகளுக்கிடையே பேசிப் பழகிய தாழ்ந்த குரல். நான் யார் என்று கூறினேன்.

"சொல்லுங்க. எங்க மார்க்கு ஏறிடுச்சா?"

"இல்லைங்க... என்மேலதான் தப்பு. ஆளைப் பாக்காம எண்ணைப் பாத்துட்டேன். லிங்க்கைத் திரும்பப் போடணும்."

"எடுத்ததைத் திருப்பிப் போடற வழக்கம் எங்ககிட்ட இல்லைங்க. எங்க பட்டியல்ல ஒரு இடம் வரணும்னா, ஒருத்தர் நாற்காலில உக்காந்து பஸ் ஸ்டாப்புலேர்ந்து வாசல் வரைக்கும் தானே உருட்டிட்டுப் போகணும். வழி எப்படி இருக்குன்னு எழுதணும். கீழ பேரும் தேதியும் போடணும். போன வருஷம் எழுதினது போன வருஷத்து ரோடு."

"சரிங்க, யாரையாவது அனுப்புங்க. நாங்க வரவேற்கத் தயாரா இருக்கோம்."

"யாரை அனுப்பறது? எடுக்கச் சொன்னது நீங்க. எழுத்தும் உங்களுக்கு நல்லா வருது. நீங்களே போய் எழுதுங்க."

சனிக்கிழமை காலை. தங்கை பட்டறையின் பழைய நாற்காலியொன்றைப் பேருந்து நிறுத்தத்துக்குக் கொண்டுவந்து தந்தாள். கால்களைத் தரையில் ஊன்றக் கூடாது என்பது நிபந்தனை. அதைக் கண்காணிக்க நூலகர் அம்மா வெல்டரை நியமித்திருந்தார். இருவரும் தொலைபேசியில் ஒரே நாளில் நண்பர்களாகிவிட்டதாகத் தெரிந்தது. நிறுத்தத்திலிருந்து பட்டறை நானூறு மீட்டர். மூன்று மாதங்களாக நான் அவ்வழியே நடந்திருக்கிறேன். அது சமதளம் என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்திருப்பேன்.

சமதளம் அன்று. நடைபாதை முழுவதும் சாலைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு கையால் உருட்டிக்கொண்டே மறு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய டயர்களை அடுக்கியிருந்த கடை முன்பு வழியே இல்லை.

"சார், கால்! கால்!" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

"ஊனலை!"

"நினைச்சீங்க. பாத்தேன்."

கழிவுநீர்க் கால்வாயின் இரும்பு மூடி ஒன்று இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தது. அதில் முன்சக்கரம் முட்டி, அதைத் தாங்கும் இரும்புக் கவை வளைந்து, நான் நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்து டயர் அடுக்கின் மேல் பத்திரமாக விழுந்தேன். டயர்க் கடைக்காரர் வெளியே வந்து, "விலை கேட்டுட்டு உக்காருங்க சார்" என்றார். நானூறு மீட்டருக்கு நாற்பத்தேழு நிமிடங்கள். உள்ளங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

அன்று பிற்பகலே எழுதி, நூலகர் அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "பேருந்து நிறுத்தத்திலிருந்து தென்கிழக்குத் திசையில் பயணிக்குங்கால்..."

"திசை எதுக்குங்க? கையில திசைகாட்டியா வச்சிருப்பாங்க? இடது கைப்பக்கமா, வலது கைப்பக்கமா?"

"வலது."

"குழி எங்க?"

"குழி இல்லைங்க, மூடி. நடைபாதையின் சமச்சீரற்ற தன்மை காரணமாக..."

"எங்க விழுந்தீங்க?"

"டயர்க் கடை முன்னால."

"அதை எழுதுங்க."

ஐந்து முறை திருத்தினோம். கடைசியில் நின்றது இதுவே: வலது கைப்பக்கம் நேராக வரவும். நடைபாதை ரோட்டுப் பக்கம் சாயும். இடது கையை விடாதீர்கள். டயர்க் கடை முன்னால் இரும்பு மூடி தூக்கியிருக்கிறது, ரோட்டில் இறங்கிச் சுற்றி வரவும். நான் அங்கே விழுந்தேன். பட்டறை வாசலில் படி இல்லை. உள்ளே இருக்கிற அம்மா பழைய நாற்காலியைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டார்.

நான் எழுதியவற்றுள் வெளியானது அது ஒன்றே. தொகைச்சொல்லும் இல்லை, மேற்கோளும் இல்லை. எனக்கு அதில் பெரிய பெருமை இல்லை என்று அப்போது எண்ணினேன். கீழே என் பெயரும் தேதியும் இருந்தன. அதை மட்டும் மனைவிக்குக் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்துவிட்டு, என் கைகளுக்கு மருந்து தடவினாள்.

மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகப் பேசினேன். இயன்முறை மருத்துவர் சிரித்துவிட்டு உடனே போட்டார். முதுகெலும்புக் குழுவினர் பத்துப் பேரும் தனித்தனியாக என்னை விசாரித்த பிறகு போட்டனர். ஆண்டின் கடைசி வேலைநாள் விடிந்தபோது பதினொருவரில் அறுவர் திரும்பியிருந்தனர். மீன் தொட்டித் தளம் முதலான பரிமாற்றங்களை நானே கழற்றிவிட்டேன். மதிப்பெண் பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. அவ்வாரம் பட்டறைக்கு வந்த நாற்காலிகள் ஒன்பது.

"பத்து" என்றார் வெல்டர். "சார் வளைச்ச கவையைச் சேத்துக்கணும்."

"அது நம்ம நாற்காலி. கணக்குல வராது" என்றாள் தங்கை.

"வேலை வேலைதானே?"

"ஒன்பதுன்னா ஒன்பதுதான்."

அவள் முகத்தை என்னால் படிக்க முடியவில்லை. கைகள் இரண்டும் கிரீஸ். பதினொரு மணிக்குக் கைபேசி ஒலித்தது, கம்பெனி மேலாளர். "காதுல பிடிண்ணா" என்றாள். பிடித்தேன்.

"சொல்லுங்க சார்... ஆமா, இன்னைக்குத்தான்... ஒன்பது வந்துருக்கு." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினார்கள். அவள் கேட்டுக்கொண்டே ஒரு திருகாணியை முறுக்கினாள். "ஆமா சார், பத்துன்னுதான் சொன்னேன். ஆனா மூணுலேர்ந்து ஒன்பது ஆயிருக்கு, ரெண்டே வாரத்துல. நான் எங்கயும் விளம்பரம் பண்ணலை. அவங்களா சொல்லி அவங்களா வராங்க. அங்க வந்து இவங்ககிட்ட புதுசு வாங்குங்கன்னு என்னால சொல்ல முடியாது. அந்த மேசையை யாருக்காவது கொடுத்துடுங்க சார். ரொம்ப நாள் காலியா வச்சிருக்கீங்க."

கைபேசியை எடுக்கச் சொல்லித் தலையசைத்தாள். வெல்டர் முகமூடியைச் சட்டென்று இறக்கிக்கொண்டார். பற்றவைக்க அப்போது எதுவும் இருக்கவில்லை.

நான் ஏதேனும் கூற வேண்டும் என்று எண்ணினேன். பொருத்தமான ஒரு வாக்கியம் உள்ளே உருவாகிக்கொண்டிருந்தது. நீளமானது, மூன்று எச்சங்கள் கொண்டது.

"ஆரம்பிக்காத" என்றாள் தங்கை. "இன்னும் அஞ்சு பேர் இருக்காங்கல்ல? அந்த ஊதா எழுத்துக்காரருக்கு இன்னைக்குப் பண்ணினியா?"

"மூணு தடவ பண்ணேன். எடுக்கலை."

"நாலாவது தடவ பண்ணு."

மூலையிலிருந்த முக்காலியில் அமர்ந்து எண்களை அழுத்தினேன். நெடுநேரம் மணி அடித்தது. பின்னர் எடுத்தார்கள், பின்னணியில் ஒரு சிறுமி எதையோ உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு? அந்த லெட்டர் எழுதினவரா?" என்றது ஓர் ஆண்குரல்.

"ஆமாங்க" என்றேன். "அவன்தான்."